திருப்பரங்குன்றம் வரை

இந்த முறை விடுப்பில் பர்மிங்காமிலிருந்து திருமங்கலத்துக்கு வந்த ஐந்து வாரங்களில் பெரும்பகுதி அக்காவின் சிகிச்சையிலேயே கழிந்தது. ஓராண்டாகவே, பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவருக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை கால் மரத்து, இதோ உயிர் போகப்போகிறது என்ற பயம் வந்துவிடுகிறது. வீட்டார் அதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்து, பாண்டி கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டியிருந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. கோயிலில் இருந்த நேரம் மனதுக்கு இதமாக இருந்ததாக அக்காவே சொன்னார். என் வருத்தம் அவர் போய்வந்த ஒரு தனியார் மருத்துவமனை மீதுதான். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் டென்ஷன் என்று சொல்லி அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதிக்கொடுத்தவர்கள், சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடக்கூடும் என்பதையோ, சட்டென்று நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம் என்பதையோ சொல்லவே இல்லை. நான்கு மாதங்களாக அதையே விழுங்கிக்கொண்டிருந்தார்.

மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம் என்றதும், "மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்துல அங்க போய் உக்காரணுமாடா?" என்று அழுதார். மூன்று நாள் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் அமர்ந்தோம், பதினொன்றரைக்கு அழைத்தார்கள். முந்தானை நுனியை முறுக்கியபடியே உள்ளே வந்த அக்காவிடம் மருத்துவர் முதலில் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை காப்பி என்பதைத்தான். தைராய்டு மிகையானாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு சீட்டின் பின்பக்கம் ஒரு குன்றை வரைந்து, பயம் சுமார் பத்து நிமிடத்தில் உச்சிக்கு ஏறித் தானாகவே இறங்கும் என்றும், இறங்கும்வரை பேருந்தைவிட்டு ஓடாமல் இருப்பதுதான் பயிற்சி என்றும் விளக்கினார். புதிதாக எழுதிய எஸ்சிட்டாலோபிராம் என்ற மாத்திரை முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், தொடக்கத்தில் குமட்டலோ கூடுதல் பதற்றமோ வரலாம், அதற்காக நிறுத்திவிட வேண்டாம் என்றார். பழைய மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்க அட்டவணை எழுதித் தந்தார். மாத்திரைகளுக்குக் காசு கிடையாது.

இங்கிலாந்தில் இதே தொல்லைக்காக நான் சிகிச்சை பெற்றபோது, பேச்சுச் சிகிச்சைக்கு மூன்று மாதம் காத்திருந்தேன். ஆனால் முறை வந்தபின் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தது. இங்கே அன்றே பார்த்துவிடுகிறார்கள், ஆனால் பதினைந்து நிமிடம்தான். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, 2022இல் தொடங்கிய, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அக்காவின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்பது அவருக்குப் பெரிய தைரியம்.

மூன்றாம் வாரம், தெருமுனை நிறுத்தத்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதில் தொடங்கினோம். நான் பக்கத்தில் அமர்ந்தேன். பிறகு பின் இருக்கைக்கு மாறினேன். நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, குன்று வரைந்த சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, அக்கா தனியாகத் திருப்பரங்குன்றம் வரை போய் இறங்கி, கோயில் வாசலிலிருந்து எனக்குப் போன் செய்தார். மதுரை பெரியார் பேருந்து நிலையம் வரை போக இன்னும் தைரியம் வரவில்லை என்றார்.