பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கடையில் 30 வெள்ளிக்குத் திறந்த சன்னல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் இந்தக் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு நான் போனது, வேறொரு கடையில் என் மடிக்கணினியை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற 120 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும் என்று சொன்னதற்கு மறுநாள். பழுது இதுதான்: எங்கள் துணிக்கடைக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் அகப்பக்கத்தில் பொத்தானைத் தட்டினால் தனிச் சன்னலில் வரவேண்டிய பில், குரோம் உலாவியில் வருவதில்லை. சில நாள் காலையில் வரும்; மாதக் கடைசியில் எத்தனை முறை தட்டினாலும் வராது.

கடையிலிருந்த தம்பி கணினியைக் கையில் வாங்கவே இல்லை. “நீங்களே தட்டுங்க அக்கா, ஆனா பொத்தானைப் பார்க்காதீங்க, மேலே முகவரிப் பட்டையைப் பாருங்க” என்றார். பட்டையின் வலது ஓரத்தில், இத்தனை நாளும் என் கண்ணில் படாத ஒரு சிறிய சன்னல் படம் முளைத்தது. பாப்-அப்பை, அதாவது தானாக மேலெழும் தனிச் சன்னலை, தடுத்துவிட்டேன் என்று உலாவி சொல்லும் விதம் அது.

மாதக் கடைசி மர்மத்துக்கு அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பணத்தை விடப் பெரிதாகப் பட்டது. நாம் தட்டியவுடன் திறக்கும் சன்னலை உலாவி நம்முடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த அகப்பக்கமோ தட்டிய பிறகு தன் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பின்பே சன்னலைத் திறக்க முயல்கிறது. குரோம் ஒரு தட்டலுக்குச் சுமார் 5 வினாடிகள் மட்டுமே மதிப்புக் கொடுப்பதால், எல்லாரும் பில் எடுக்கும் நெரிசலில் பதில் தாமதமாகும்போது, வருவது அழையாத விளம்பரம் என்று கருதித் தடுத்துவிடுகிறது.

தள அமைப்புகளில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பாப்-அப் அனுமதி கொடுத்தும் சன்னல் வரவில்லை. உடனே நீட்டிப்புகள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) பக்கத்தைத் திறந்து அங்கிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்தார். என் மகன் எப்போதோ போட்டுவைத்த விளம்பரத் தடுப்பானை அணைத்ததும் பில் வந்து நின்றது. எனவே வாசலில் இரண்டு காவலர்கள் இருந்திருக்கிறார்கள், ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. “மொத்தமாவே தடுப்பை எடுத்துவிடுங்களேன்” என்று நான் கேட்டதற்கு மறுத்துவிட்டு, தடுப்பானை மறுபடி இயக்கி, இந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அந்த மறுப்புக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. வரிசை எண் தருவதில்லை. 15 நிமிட வேலைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், குறுகலான படிக்கட்டில், கீழிருந்து வரும் மீன் பொரியலின் மணத்தோடு நின்றேன். வண்டி நிறுத்த இடம் தேடுவதை விட, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது மேல். கைப்பேசியிலும் இதே சிக்கல் என்றபோது, ஐபோனில் சஃபாரிக்குத் தனி அமைப்பு இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். ரசீதிலும் ‘சர்வீஸ் 30 வெள்ளி’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. செய்தவற்றை நானே அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, மகனிடம் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.