இமாமத் குறித்த ஓர் இணையவழிப் பாடத்தொடர்: வாங்கலாமா?

நபிக்குப் பின் முஸ்லிம் சமூகத்தின் தலைமை யாருக்கு, எப்படி வரும் என்ற இமாமத் கொள்கையில் சுன்னி, ஷியா பிரிவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் நடத்தப்படும் கட்டணப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகக் கேட்டு முடித்தேன். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள், ஒவ்வொரு விரிவுரைக்கும் மூலநூல் பகுதிகளின் மொழிபெயர்ப்பு அடங்கிய வாசிப்புத் தொகுப்பு, இடையிடையே நேரலைக் கேள்வி நேரம் என அது அமைந்திருக்கிறது. நிறைகுறைகளை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும் என்பதால் நடத்துவோரின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சுன்னத் வல் ஜமாஅத் குடும்பத்தில் பிறந்து, வெள்ளிக்கிழமை குத்பாவில் நான்கு கலீஃபாக்களின் பெயர்களையும் வரிசையாகக் கேட்டு வளர்ந்தவன். என் கணிப்பில் அந்தச் சாய்வு தென்பட்டால் வாசகர் அதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

இந்தப் பொருளைப் பற்றிப் பொதுவில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. 632ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் மறைந்ததும் மதீனாவில் சகீஃபா என்ற கூடத்தில் கூடியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களைத் தலைவராக ஏற்று பைஅத் (உறுதிமொழி) செய்தார்கள், நபியவர்களின் மருமகன் அலீ (ரலி) அவர்களே தலைமைக்கு உரியவர் என்று வேறு சிலர் கருதினார்கள், அங்கே பிளவு தொடங்கியது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தப் பாடத்தொடரின் ஆசிரியர் அதை மறுக்கவில்லை; ஆனால் அது கிளைதான் என்றும், வேர் வேறு என்றும் காட்டுகிறார். தலைவரை நியமிப்பது யாருடைய பொறுப்பு என்பதே அவர் முன்வைக்கும் கேள்வி. மனிதர்களை நேர்வழியில் வைத்திருக்கப் பாவமற்ற ஒரு வழிகாட்டி எக்காலத்திலும் தேவை, அத்தகையவரை மனிதர்களால் அடையாளம் காண முடியாது, ஆகவே நபிமார்களை அனுப்பியது போலவே இமாமை நியமிப்பதும் இறைவனின் அருளைச் சேர்ந்தது என்பது அலீ (ரலி) அவர்கள் தொடங்கிப் பன்னிரண்டு இமாம்களை ஏற்கும் பன்னிரு இமாம் ஷியாக்களின் வாதம். தலைவரை ஏற்படுத்துவது உம்மத்தின், அதாவது முஸ்லிம் சமூகத்தின் மீது விதிக்கப்பட்ட கடமை, அவர் சட்டத்தை நடைமுறைப்படுத்துபவரே தவிரச் சட்டத்தின் ஊற்று அல்லர் என்பது சுன்னி அறிஞர்களின் நிலை. இரு தரப்பும் ஒரே நாற்காலிக்கு இருவேறு பெயர்களைச் சொல்லிப் பூசலிடவில்லை, அந்த நாற்காலி எதற்கானது என்பதிலேயே உடன்படவில்லை என்பது இரண்டாம் விரிவுரை முடிவதற்குள் தெளிவாகிவிடுகிறது.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள கதீர் கும் என்ற இடத்தில் நடந்ததைப் பற்றிய விரிவுரை நிதானமாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 18ஆம் நாள், இறுதி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில், “நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா” என்று நபியவர்கள் அறிவித்ததாக வரும் ஹதீஸ் (மவ்லா என்பது நேசர் என்றும் அதிகாரம் உடையவர் என்றும் பொருள்படும் சொல்), ஷியா நூல்களில் மட்டுமே இருக்கிறது என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சுன்னி ஹதீஸ் தொகுப்புகளான அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னதிலும் திர்மிதியிலும் இருப்பதை ஆசிரியர் எடுத்துக் காட்டிவிட்டு, கருத்து வேறுபாடு அந்த அறிவிப்பை எந்தச் சூழலில் வைத்து வாசிப்பது என்பதில்தான் இருக்கிறது என்கிறார். யமன் படையெடுப்பில் உடன் சென்றவர்கள் அலீ (ரலி) அவர்கள்மீது கூறிய குறைகளுக்கு மறுமொழியாக, அவரை நேசிக்கும்படி சொல்லப்பட்டது என்று சுன்னி விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். அதற்குச் சற்று முன்னர், “நம்பிக்கையாளர்களுக்கு அவர்களுடைய உயிரைவிட நான் அதிக உரிமை உடையவன் அல்லவா?” என்று நபியவர்கள் கேட்டதாக வரும் வாசகத்தைச் சேர்த்து வாசித்தால், அடுத்து வருவது அதிகாரத்தைக் குறிப்பதாகவே கொள்ள முடியும் என்று ஷியா அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இரண்டு வாசிப்புகளையும் அவற்றின் பலத்தோடு கேட்க முடிந்தது இங்கேதான்.

குர்ஆன் ஆயத்துகளை (வசனங்களை) பற்றிய பகுதி அவசரமாகக் கடந்து போகிறது. இப்ராஹீம் (அலை) அவர்களை மனிதர்களுக்கு இமாமாக ஆக்குவதாகவும், தன் வாக்குறுதி அநியாயக்காரர்களைச் சேராது என்றும் இறைவன் கூறும் 2:124, இமாமத் என்பது இறை நியமனம், அதற்குப் பாவமின்மை நிபந்தனை என்பதற்கு ஷியா தரப்பின் முதன்மையான ஆதாரம். அங்கே இமாம் என்பது நபியைக் குறிக்கிறது என்று 1210இல் மறைந்த சுன்னி அறிஞர் ஃபக்ருத்தீன் ராஸி தம் தஃப்சீரில் (குர்ஆன் விரிவுரையில்) விளக்கியிருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பணம் கொடுத்ததற்கு நிறைவு தந்தது ஷியா அறிஞர் அல்லாமா ஹில்லியையும் சுன்னி அறிஞர் இப்னு தைமிய்யாவையும் எதிரெதிரே வைத்த விரிவுரை. மங்கோலிய இல்கான் ஆட்சியாளர் உல்ஜாய்துவுக்காக ஹில்லி எழுதிய ‘மின்ஹாஜுல் கராமா’வும், அதற்கு மறுப்பாக இப்னு தைமிய்யா எழுதிய ‘மின்ஹாஜுஸ் ஸுன்னா’வும் வாசிப்புத் தொகுப்பில் பத்தி பத்தியாக அருகருகே அச்சிடப்பட்டிருக்கின்றன. இமாமத்தே மார்க்க விவகாரங்களில் தலையாயது என்று ஹில்லி தொடங்குகிறார். இறைவனையும் தூதரையும் நம்புவது அதைவிடத் தலையாயது என்று இப்னு தைமிய்யா முதல் அடியிலேயே மறிக்கிறார். பிறகு அவர் கூர்மையான கேள்விக்கு வருகிறார்: 874இல் பதினோராம் இமாம் ஹசன் அல் அஸ்கரி சாமர்ராவில் மறைந்ததிலிருந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாத ஒருவரால், அதாவது மறைந்து வாழ்வதாக ஷியாக்கள் நம்பும் பன்னிரண்டாம் இமாமால், மார்க்கத்துக்கும் உலகத்துக்கும் என்ன பயன்? வழிகாட்டி இருப்பது அருள் என்றால், மறைந்திருக்கும் வழிகாட்டி எப்படி அருளாவார்? இக்கேள்விக்கு விடையை அதற்கு முன்பே, 1274இல் மறைந்த ஷியா அறிஞர் நஸீருத்தீன் தூஸி ஒற்றை வரியில் எழுதிவைத்திருக்கிறார். இமாம் இருப்பது ஓர் அருள், அவர் செயல்படுவது இன்னோர் அருள், அவர் இல்லாதிருப்பது நம்மால் நேர்ந்தது என்பது அவர் கூற்று. சுன்னி வாசகனான எனக்கு அந்த விடை ஏற்புடையதாக இல்லை. ஆனால் அது சமாளிப்பு அல்ல, தன் முன்கோளிலிருந்து ஒழுங்காக இறங்கி வரும் விடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய குறை, சுன்னி தரப்பு இந்தத் தொடர் முழுவதும் மறுக்கும் தரப்பாக மட்டுமே வருகிறது என்பது. ஷியா கொள்கையை வைத்துக் கேள்வி தொடுத்து, சுன்னிகள் ஏன் ஏற்கவில்லை என்று விடை தேடினால், அவர்களுக்கென்று ஒரு கோட்பாடு இருப்பதே தெரியாமல் போய்விடும். 1058இல் மறைந்த சுன்னி சட்ட அறிஞர் மாவர்தி, தலைவருக்கு நேர்மை, அறிவு, துணிவு, குறைஷி வம்சம் உள்ளிட்ட ஏழு தகுதிகளை வகுத்தார். பாவமின்மை அவற்றில் இல்லை. பொறுப்பானவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது, முந்தைய தலைவர் பெயர் சொல்லிச் செல்வது என்ற இரு வழிகளிலும் தலைமை நிலைபெறும் என்றார். அபூபக்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களை நியமித்ததும், உமர் அவர்கள் ஆறு பேர் கொண்ட குழுவிடம் பொறுப்பை விட்டதும் இதற்கு முன்மாதிரிகள். ஷியா புவைஹி வம்சத்தார் பக்தாதில் அதிகாரம் செலுத்த, அப்பாஸிய கலீஃபா பெயரளவில் இருந்த காலத்தில் வாழ்ந்தவர் மாவர்தி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பாடம் இன்னும் துலங்கியிருக்கும். இன்னொரு சுன்னி அறிஞரான கஸ்ஸாலி தம் ‘இக்திஸாத்’ நூலில் இமாமத்தை ஆராய்வது முக்கியமான விஷயங்களில் ஒன்றல்ல, அது ஃபிக்ஹை (சட்டவியலை) சேர்ந்தது என்று கூறிவிட்டே அதைப் பேசத் தொடங்குகிறார். ஒரு தரப்புக்கு நம்பிக்கையின் தூண், மறு தரப்புக்குச் சட்டநூலின் ஓர் அத்தியாயம் என்ற இந்தச் சமமின்மையே விவாதம் ஆயிரம் ஆண்டுகளாக முட்டிக்கொள்ளும் இடம். மாவர்தி, கஸ்ஸாலி இருவரையும் தொகுப்பில் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட இல்லை.

ஷியாக்களுக்குள் உள்ள வேறுபாடுகளுக்கு ஒரே விரிவுரைதான். அலீ (ரலி) அவர்களே சிறந்தவர் என்று கொண்டும், அவருக்கு முந்தையவர்களின் தலைமையை ஏற்க இடம் தரும், ஸைதிகள் என்ற ஷியா கிளையினரில் ஒரு சாராரின் நிலை எனக்குப் புதிது. 765இல் ஆறாம் இமாம் ஜஅஃபர் அஸ் ஸாதிக் மறைந்த பின் இஸ்மாயீலிகள் தனி வழியில் பிரிந்ததைச் சொல்லும் பகுதி நன்று. ஆனால் நான்காம் ஆகா கானே இஸ்மாயீலிகளின் இன்றைய இமாம் என்று அதில் வருகிறது. அவர் 2025 பிப்ரவரியில் மறைந்து, அவருடைய உயில் லிஸ்பனில் வாசிக்கப்பட்டு, மகன் ரஹீம் 50ஆம் இமாமாக அறிவிக்கப்பட்டுவிட்டார். பெயர் சொல்லி நியமிப்பது என்ற கொள்கை நம் காலத்தில் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்ற நிலையில், அதைச் சேர்க்காமல் விட்டது சோம்பல்.

காணொளியில் தானியங்கியாக ஓடும் வசனவரிகளை அணைத்துவிடுவது நல்லது. இமாமைப் பெயர் சொல்லி நியமிப்பதைக் குறிக்கும் ‘நஸ்’ எல்லா இடங்களிலும் ‘நாசா’ ஆகிவிட்டது. பாவமின்மையைக் குறிக்கும் ‘இஸ்மா’ ‘ஆஸ்துமா’ ஆகிவிட்டது. இமாம்களுக்கு ஆஸ்துமா கட்டாயம் என்று திரையில் படித்தபோது எந்தத் தரப்பாக இருந்தாலும் சிரிக்காமல் இருக்க முடியாது. நேரலைக் கேள்வி நேரம் இந்திய நேரப்படி நள்ளிரவுக்குப் பின் வருகிறது. மின்னஞ்சலில் அனுப்பிய கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஈரானியப் புரட்சியின் தலைவர் கொமெய்னி 1970இல் ஈராக்கின் நஜஃபில் ஆற்றிய உரைகளும், இமாம் மறைந்திருக்கும் காலத்தில் அதிகாரம் மார்க்க அறிஞரைச் சேரும் என்ற அந்தக் கருத்து 1979இல் ஈரானின் அரசியலமைப்பில் ஏறியதும் கடைசி விரிவுரையின் இறுதியில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. ஷியா அறிஞர்களிலேயே பலர் அதை அந்த அளவுக்கு ஏற்கவில்லை என்பது போகிறபோக்கில் சொல்லப்படுகிறது.

முழுத் தொடருக்குக் கட்டணம் ரூ.2,400, வாசிப்புத் தொகுப்பு மட்டும் தனியாக ரூ.900க்குக் கிடைக்கிறது. ஆங்கிலம் தடையின்றி வாசிப்பவர் தொகுப்பை மட்டும் வாங்கி, ஹில்லி, இப்னு தைமிய்யா பகுதியிலிருந்து தொடங்கலாம். முழுத் தொடரையும் வாங்குகிறவர் மாவர்தியின் ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வின் முதல் அத்தியாயத்தை வேறிடத்தில் தேடிப் படித்துவிட்டு இரண்டாம் விரிவுரையைக் கேட்பது நல்லது.