நியூக்ளியோ எஃப்401ஆர்ஈ: போர்டு நல்ல போர்டு, ஜம்பரைப் பார்த்துப் போடுங்கள்

எட்டு மாதமாக இந்த போர்டு என் மேஜையில் கிடக்கிறது. எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ-64 வரிசை மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது நாம் ஏற்றும் புரோகிராமின்படி மற்ற கருவிகளை இயக்கும் சிப் உள்ள போர்டு. நான் வாங்கியபோது விலை இரண்டாயிரத்துக்குள். 84 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்4, 512 கேபி ஃப்ளாஷ், 96 கேபி ரேம், புரோகிராம் ஏற்ற எஸ்டி-லிங்க் போர்டிலேயே இருக்கிறது. இதையெல்லாம் அட்டைப்பெட்டியைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது, இதற்கு எந்த வழியில் கரண்ட் கொடுப்பது என்பதைப் பற்றி. புரோகிராம் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. கரண்ட் விஷயம் புரிய ஒரு மாதம்.

வாங்கியது மச்சினனுக்காக. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, சொட்டுநீருக்கு நாலு வால்வு. மாற்றி மாற்றித் திறந்து மூட நாலு ரிலே (கரண்டில் இயங்கும் ஸ்விட்ச்), 12 வோல்ட் பேட்டரி, மேலே ஒரு சோலார் பேனல். நான் பாலிடெக்னிக்கில் லேப் பார்ப்பவன் என்பதால் "மாமா, இது உங்களுக்கு ஒரு வேலையாங்க?" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

முதல் நாளே ஒரு கூத்து. இதில் இருப்பது பழைய மினி யூஎஸ்பி சாக்கெட். வீட்டில் அந்த கேபிள் இல்லாததால் கடைவீதியில் ஒன்று வாங்கி வந்து செருகினேன். பவர் லைட்டான எல்டி3 எரியவே இல்லை. போர்டு செத்துப் பிறந்தது என்றே நினைத்தேன். உண்மையில் அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள், உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. இந்த போர்டோ கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள். செருகியதும் எஸ்டி-லிங்க் மட்டும் விழித்துக்கொண்டு, "300 மில்லிஆம்பியர் தருவாயா" என்று கம்ப்யூட்டரிடம் கேட்கும். சரி என்று பதில் வந்த பிறகே மற்ற பகுதிக்கு ஸ்விட்சைத் திறந்துவிடும். கேட்கக் கம்பியே இல்லாவிட்டால் பட்டினிதான்.

நல்ல கேபிள் வந்தது, லைட்டும் எரிந்தது. ரிலேக்களை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை நன்றாக இழுத்தது. நாலாவது 'டக்' என்றதும் போர்டு ரீசெட். நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், அதாவது ஒன்றுக்கு 70 மில்லிஆம்பியருக்கு மேல். நாலும் சேர்ந்தால் 280ஐத் தாண்டும். யூஎஸ்பி வழியில் போர்டுக்கும் சேர்த்து மொத்த ஒதுக்கீடே 300. கணக்கு போடாமல் மாட்டியது என் தப்பு.

சரி, தோப்பில் எப்படியும் பேட்டரிதானே, வெளி சப்ளைக்கான விஐஎன் பின்னில் கொடுப்போம் என்று கையேட்டைத் திறந்தேன். 7 முதல் 12 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது. கூடவே மூன்று எண்கள்: 7 வோல்ட்டில் 800 மில்லிஆம்பியர், 9 வரை 450, 12 வரை 250. வோல்டேஜ் கூடக் கூட ஏன் கரண்ட் குறைகிறது என்று என் மாணவர்களே கேட்பார்கள். உள்ளே இருப்பது லீனியர் ரெகுலேட்டர், 5 வோல்ட்டுக்கு மேல் வருவதையெல்லாம் சூடாக்கிக் கழித்துவிடும். 7 வோல்ட் வந்தால் 2 வோல்ட்டை 0.8 ஆம்பியரால் பெருக்குங்கள், 1.6 வாட். ஒன்பதில் 1.8. பன்னிரண்டில் 1.75. மூன்றும் ஏறக்குறைய ஒரே சூடு! அந்தச் சின்னச் சில்லு அவ்வளவுதான் தாங்கும் என்பதைத்தான் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் கையேட்டில் இல்லை, தோப்பில் இருந்தது. '12 வோல்ட்' பேட்டரி 12 வோல்ட்டில் நிற்பதில்லை. உச்சி வெயிலில், பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தபோது மீட்டர் வைத்தேன், 14.2. விஐஎன் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

மிஞ்சியது ஈ5வி வழி, அதாவது வெளியிலிருந்து நேராக 5 வோல்ட் கொடுப்பது. எல்எம்2596 பக் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி 12ஐ 5 ஆக்கி, இடது பக்க நீண்ட கனெக்டரான சிஎன்7இல் 6ஆம் பின்னில் கொடுக்க வேண்டும். கிரவுண்ட் பக்கத்திலேயே 8ஆம் பின், வசதி. அனுமதி 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான், 500 மில்லிஆம்பியர் வரை. கன்வர்ட்டரை போர்டில் மாட்டும் முன் தனியாக வைத்து வோல்டேஜை அமையுங்கள். எனக்கு வந்தது 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, அப்படியே மாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். வோல்டேஜை அமைக்கும் நீல பிரீசெட்டின் பித்தளைத் திருகைப் பத்துச் சுற்று திருப்பியும் மீட்டர் அசையவில்லை. அப்புறம் கடகடவென்று இறங்கியது. ரிலேக்களுக்கான 5 வோல்ட்டையும் போர்டு வழியாக எடுக்காமல் கன்வர்ட்டரிலிருந்தே நேராக இழுத்துவிட்டேன், கிரவுண்ட் மட்டும் பொது. அன்றோடு ரீசெட் தொல்லை போனது.

இதற்கு ஜேபி5 ஜம்பரை (பக்கத்துப் பக்கத்து பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாற்றிப் போட வேண்டும். மூன்றே பின். 1-2இல் இருந்தால் யூஎஸ்பி, 2-3இல் இருந்தால் வெளி சப்ளை. வரிசையும் முக்கியம்: முதலில் ஜம்பர் (யூஎஸ்பி கரண்ட் வரம்புக்கான இன்னொரு ஜம்பர் ஜேபி1, அது கழற்றியே இருக்கட்டும்), அடுத்து வெளி சப்ளை, எல்டி3 சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் யூஎஸ்பி. 3.3 வோல்ட்டை நேராகக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் அப்போது எஸ்டி-லிங்குக்கு கரண்ட் போகாது, புரோகிராம் ஏற்ற முடியாது. எனக்கு அது ஒத்துவரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேபி6. ஐடிடி என்று எழுதியிருக்கும். அந்த ஜம்பரைக் கழற்றிவிட்டு மீட்டரை இடையில் வைத்தால் சிப் மட்டும் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று தெரியும். முழு வேகத்தில் 13 மில்லிஆம்பியர் பார்த்தேன். தூங்கவைத்தால் மைக்ரோஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. ஆசைப்பட்டு மலிவு மீட்டரை 2000 மைக்ரோ ரேஞ்சில் வைத்தால், சிப் விழிக்கும் நொடியில் மீட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டரே வோல்டேஜை விழுங்கிவிடும், சிப் ரீசெட் ஆகும். 20 மில்லி ரேஞ்சில் எழுப்பி, தூங்கிய பிறகு மாற்றுங்கள். அளந்து முடித்ததும் ஜம்பரைத் திரும்பப் போடுங்கள். நான் மறந்து அரைமணி நேரம் விழித்தேன்: லைட் எரிகிறது, எஸ்டி-லிங்க் இருக்கிறது, சிப்பைக் காணோம் என்கிறது லேப்டாப். "லைட்டுதான் எரியுதுங்களே மாமா, அப்புறம் என்னங்க?" என்று மச்சினன் வேறு.

பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இந்த போர்டை அப்படியே வைக்காதீர்கள். சிப் தூங்கினாலும் எஸ்டி-லிங்கும் பவர் லைட்டும் தூங்காது. எனக்குப் பேனல் இருப்பதால் கவலை இல்லை. கற்றுக்கொள்ள, அளந்து பார்க்க, இந்தக் காசுக்கு வேறு போர்டைத் தேடமாட்டேன்.

இப்போது தோப்பு மோட்டார் அறையில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது. ஜேபி5இன் 2-3 பக்கம் வீட்டுக்காரியின் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி ஒட்டியதை மச்சினன் மனப்பாடமே செய்துவிட்டான்: "முதல்ல பேட்டரி, சிவப்பு லைட், அப்புறம் லேப்டாப்."