ஆயுர்வேத ஆர்.ஓ. மெஷின்: தண்ணீர் சரி, கதைதான் தூக்கல்

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு போர் தண்ணீர்தான், கோடையில் கூடவே லாரி. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் பேனாவை முக்கினால் 1,300-க்குக் கீழே இறங்கியதே இல்லை, மே மாதத்தில் 1,500 காட்டும். கெய்சருக்குள் வெள்ளைப் பொருக்கு, குழாய் வாயில் உப்பு, எத்தனை விசில் விட்டாலும் மசியாத துவரம்பருப்பு. அதனால் ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை, எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. கடைசியில் வீட்டுக்கு வந்தது செம்பும் தாதும் சேர்த்தது, ஆயுர்வேத முறைப்படி தண்ணீரைச் சமநிலைப்படுத்துவது என்று அட்டைப்பெட்டி முழுக்க எழுதியிருந்த ஒரு மாடல். விலை 18,000-ஐ ஒட்டி, இதே கம்பெனியின் சாதா மாடலைவிட 4,000 ரூபாய் கூடுதல். கம்பெனி பெயரைப் போடவில்லை. இன்று கடையில் பாதி மெஷின்கள் இதே வசனத்தோடுதான் நிற்கின்றன, மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கூடுதல் 4,000-க்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் டெமோ. வந்த பையன் நல்ல பையன்தான், "மேடம், உங்க பழைய மெஷின் தண்ணில உயிரே இல்ல, அது செத்த தண்ணி" என்று ஆரம்பித்தான். பிறகு பையிலிருந்து நாலு கம்பி வைத்த ஒரு கருவியை எடுத்து, ஒரு டம்ளர் போர் தண்ணீரிலும் ஒரு டம்ளர் சுத்திகரித்த தண்ணீரிலும் விட்டு ஸ்விட்சைப் போட்டான். போர் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பாகி, மேலே பச்சையும் கறுப்புமாக அழுக்கு மிதந்தது. அம்மா பதறிப்போய்விட்டார். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியில் இரண்டு இரும்பு, மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பு இல்லாததில் பாயாது, அதனால் அந்த டம்ளர் தெளிவாகவே இருக்கும். நல்ல நீரூற்றுத் தண்ணீரை வைத்தாலும் இதே பழுப்புதான் வரும். வேடிக்கை என்னவென்றால், தாது இல்லாத தண்ணீர் செத்தது என்று சொல்லும் அதே வாய், தாது இருக்கும் தண்ணீரை அழுக்கு என்று காட்டுகிறது!

சரி, மெஷினுக்கு வருவோம். வரிசை வழக்கமானதுதான்: மண்ணைப் பிடிக்க ஒரு ஃபில்டர், குளோரினையும் வாடையையும் எடுக்க கார்பன், அப்புறம் கரைந்த உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வான மெம்பரேன், கிருமியைக் கொல்ல யூ.வி. விளக்கு. கடைசியில் விரல் நீளத்தில் இரண்டு குட்டி உருளைகள், ஒன்றில் தாது, ஒன்றில் செம்பு. வேலையைச் செய்வது மெம்பரேன். எங்கள் 1,300-ஐ 60-க்குக் கொண்டுவருவது அதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருப்பு இப்போது மூன்று விசிலில் மாவாகக் குழைகிறது, காரணம் கால்சியமும் மக்னீசியமும் குறைந்ததால் பருப்பு இறுகாமல் வேகிறது. டீ நிறம் மாறாமல் இறங்குகிறது. அம்மாவுக்கு மட்டும் குடிக்கும்போது சப்பென்று இருக்கிறது என்ற புகார் முதலில் இருந்தது, மண்பானையில் ஊற்றி வைத்தபிறகு அதுவும் அடங்கிவிட்டது.

தாது உருளைதான் சுவாரசியம். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் குருணையும் மக்னீசியம் ஆக்சைடும்தான் அதில் இருக்கும், தண்ணீர் அதன் வழியே போகும்போது கொஞ்சம் கரையும். புதிதாகப் போட்ட சமயத்தில் 60 இருந்தது 85 ஆனது, சில மாதம் போனதும் ஏறுவது பத்துக்கும் கீழே வந்துவிட்டது. நல்ல நாளில் ஏறிய அந்த 25 முழுக்க கால்சியம் கார்பனேட் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அதில் கால்சியம் நூற்றுக்கு நாற்பது பங்கு, ஆக லிட்டருக்கு 10 மில்லிகிராம். நாளைக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் 25 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் 170 மில்லிகிராம் வந்துவிடும், அதில் ஒரு டம்ளர் மோரை விட்டால் இன்னும் மேலே. இந்த உருளைக்கு வருஷாவருஷம் பணம் கட்டுவதைவிட கேழ்வரகு மலிவு.

அதற்காக தண்ணீரில் தாது இல்லாதது ஒரு பொருட்டே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. செக் நாட்டு ஆய்வாளர் கோசிசெக், உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வெளியீட்டில் இதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மக்னீசியமும் இருப்பது நல்லது என்பது அவர் சொல்வது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது சமையல் விஷயம். உப்புச்சத்தே இல்லாத தண்ணீரில் காய்கறியை வேகவைத்தால் காயில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தில் 60 சதவீதம் வரைகூட தண்ணீருக்குப் போய்விடுமாம். கீரை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டும் வீடுகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். எங்கள் வீட்டில் அது ரசத்துக்குப் போய்விடும்.

இப்போது ஆயுர்வேதம். அட்டைப்பெட்டியில் இருப்பது: தாது இல்லாத நீர் உயிரற்றது, ஆயுர்வேதம் அதை ஏற்பதில்லை, எங்கள் மெஷின் அதைச் சமன் செய்கிறது. இந்த இடத்தில்தான் எனக்குக் கடுப்பு. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான, வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் திரவங்களைப் பற்றிய அத்தியாயம் எந்தத் தண்ணீரைப் புகழ்ந்து தொடங்குகிறது தெரியுமா? மழைத் தண்ணீரை. உயிரூட்டுவது, நிறைவு தருவது, நெஞ்சுக்கு இதமானது, லேசானது என்று அடுக்குகிறார். அதையும் சும்மா விடவில்லை, ஒரு சோதனை வைக்கிறார். வெள்ளிப் பாத்திரத்தில் சுத்தமான சோற்றை வைத்து மழையில் நனைய விட வேண்டும், சோறு கெடாமலும் நிறம் மாறாமலும் இருந்தால் அது கங்கை நீர் என்ற வகை, குடிக்கலாம், இல்லாவிட்டால் கடல் நீர் என்ற வகை, தள்ள வேண்டும். போன ஐப்பசியில் நாலு நாள் நல்ல மழை அடித்து ஓய்ந்த பிறகு மொட்டைமாடியில் எவர்சில்வர் அடுக்கை வைத்து நேராகப் பிடித்த தண்ணீரில் பேனாவை விட்டேன்: 20-ஐ ஒட்டித்தான் காட்டியது. எங்கள் மெஷின் தண்ணீரைவிடக் குறைவு. தாது இல்லாததால் தண்ணீர் செத்துப்போகும் என்றால், ஆயுர்வேதம் தலையில் வைத்துக் கொண்டாடும் தண்ணீர்தான் முதலில் செத்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசான் சரகர் சொல்வது இன்னும் நேரடி. வானத்திலிருந்து விழுவது ஒரே தண்ணீர்தான், விழும்போதும் விழுந்த பிறகும் இடமும் காலமும்தான் அதன் குணத்தை மாற்றுகின்றன என்கிறார். உவர் மண்ணில் கிடந்தால் உவர்ப்பு. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் முன்னூறு அடி போர் போட்டுவிட்டு வருகிற தண்ணீரை இயற்கையின் தாதுச் சமநிலை என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை, அதையும் அந்தப் பழைய ஆட்கள் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அவர்கள் தண்ணீரைப் பார்த்தது மில்லிகிராம் கணக்கில் இல்லை. லேசா கனமா, செரிக்குமா செரிக்காதா, யாருக்கு, எந்தப் பருவத்தில் என்பதுதான் கணக்கு. கோடையும் கூதிர்காலமும் தவிர மற்ற நாட்களில் ஆரோக்கியமானவர்கூட அளவாகக் குடித்தால் போதும் என்று வாக்படர் சொல்லியிருப்பதை, மணிக்கொரு தரம் தண்ணி குடி என்று போனில் மணி அடிக்க விடுகிற காலத்தில் எந்த விளம்பரமும் எடுத்துப் போடாது.

சுத்தம் செய்வதைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். கலங்கிய நீரைத் தெளிய வைக்க ஏழு பொருட்கள் என்று அதே வரிசை ஆசான் சுசுருதர் ஒரு பட்டியல் தருகிறார், அதில் முதலாவது நம் தேத்தாங்கொட்டை. பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீர் ஊற்றினால் கலங்கல் திரண்டு அடியில் உட்காரும், நன்றாகவே வேலை செய்யும். துணியில் வடிகட்டுவதும் அந்த ஏழில் ஒன்று. ஆனால் இதெல்லாம் சேற்றுக் கலங்கலுக்கு. கரைந்திருக்கும் உப்பையோ ஃபுளோரைடையோ தேத்தாங்கொட்டை தொடாது. அதற்கு மெம்பரேன்தான் வேண்டும், இதில் ஆயுர்வேதத்துக்கும் ஆர்.ஓ.வுக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

செம்பு உருளைக்கு வருகிறேன். செம்புப் பாத்திரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பெங்களூரில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்தபோது கிருமிகள் அழிந்தன, தண்ணீரில் கரைந்த செம்பும் உலக சுகாதார நிறுவன அளவுக்கு ரொம்பக் கீழேதான் இருந்தது. கவனியுங்கள், 16 மணி நேரம், பானை முழுக்கச் செம்பு. இங்கே தண்ணீர் விரல் தடிமன் உருளை வழியே சில நொடியில் ஓடிவிடுகிறது. அதுவும் கிருமியை ஏற்கெனவே மெம்பரேன் தடுத்து, யூ.வி. கொன்ற பிறகு. செம்பு வேண்டுமென்றால் ஒரு செம்புக் குடம் வாங்கிக்கொள்ளலாம், புளி போட்டுத் தேய்த்தால் தலைமுறைக்கும் வரும். ஒன்று மட்டும், ஆர்.ஓ. தண்ணீர் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்தது, உலோகத்தைச் சீக்கிரம் அரிக்கும், நாள்கணக்கில் செம்பில் விட்டுவைத்தால் நாக்கில் கசப்பு தெரியும். எலுமிச்சையும் மோரும் செம்பில் கூடவே கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, வாக்படர் காய்ச்சி ஆறிய தண்ணீரை லேசானது, பித்தம் சேர்ந்த கோளாறுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, அதே தண்ணீர் பழசானால் வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷத்தையும் கிளப்பும் என்று எச்சரிக்கிறார். மெஷின் டேங்க் விஷயத்தில் எனக்கு இது அப்படியே பொருந்துவதாகப் படுகிறது. கார்பன் குளோரினை எடுத்துவிடுகிறது, யூ.வி. ஓடும் தண்ணீரை மட்டும் பார்க்கிறது, அதன்பின் டேங்கில் தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஊருக்குப் போய்விட்டு வந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் குடிப்பது. இந்த மாடலில் டேங்கைக் கழற்றிக் கழுவ முடியாது, அது பெரிய குறை, அரை நட்சத்திரம் இதற்கே குறைத்தேன்.

அடுத்து, வாங்கும் எல்லோரும் கேட்க வேண்டியது டிடிஎஸ் வால்வைப் பற்றி. சர்வீஸ் ஆள் ஒரு திருகைத் திருப்பி 60-ஐ 150 ஆக்கி, "இப்ப மினரல் வந்துடுச்சு மேடம்" என்றார். அந்தத் திருகு செய்வது ஒன்றுதான், மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து நல்ல தண்ணீரில் கலப்பது. கால்சியம் வரும், கூடவே சோடியமும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும், போரில் எது இருக்கிறதோ அதுவும் வரும். பேனா மின்கடத்தலைத்தான் அளக்கிறது, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கும் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கும் உள்ளே இருந்தால் திருகைத் தொடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு உள்ள ஊர்க்காரர்கள் இந்த வால்வை முழுக்க மூடியே வையுங்கள். எங்கள் அறிக்கையில் இரண்டும் உள்ளே இருந்தன, உப்புதான் அதிகம், அதனால் 100-ஐ ஒட்டி வைத்திருக்கிறோம்.

மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவில் இருந்தால், டிடிஎஸ் 500-க்குள் இருந்தால், இந்த மெஷினே வேண்டாம். 500 என்பது நான் சொல்லும் கணக்கு இல்லை, குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-ல் இருப்பது. அதற்குக் கீழே ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது. கார்பனும் யூ.வி.யும் உள்ள சாதாரண மெஷின் போதும், அல்லது நன்றாகக் கொதிக்கவைத்து ஒரு சிட்டிகை சீரகம் போட்டால் முடிந்தது. கேரளாவில் ஓட்டலில் உட்கார்ந்ததும் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர் சுடச்சுட வருமே, அது ஆயுர்வேதத் தண்ணீர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் சுமார். தாது உருளையை வருஷத்துக்கு ஒரு தடவை என்று சொல்லி விற்றுவிட்டு ஆறாம் மாதமே மாற்றச் சொல்லிப் போன் வருகிறது. மெம்பரேனுக்கும் கார்பனுக்கும் மட்டும் பணம் கட்டுகிறேன், மற்ற இரண்டையும் மாற்றுவதாக இல்லை, தண்ணீரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மொத்தத்தில் மெம்பரேனுக்கு நாலரை, ஆயுர்வேத உருளைகளுக்கு ஒன்று. இதே கம்பெனியின் சாதா மாடலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிவுத் தண்ணீர் ஒரு குடத்துக்கு இரண்டு குடம் போகிறது, வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் பிடித்து வைக்கலாம். செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு 1,800-க்கு மேல் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை அப்படித்தான் கருகியது.