கிண்டி பாம்புப் பண்ணையா, வடநெம்மேலி முதலைப் பண்ணையா?

பள்ளிச் சுற்றுலாவுக்குச் சென்னையில் பலரும் முதலில் நினைப்பது கிண்டி பாம்புப் பண்ணையைத்தான். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. பக்கத்திலேயே சிறுவர் பூங்கா, இடமும் சிறியது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இதுவே போதும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிடக்கும் மலைப்பாம்பைப் பார்த்தாலே அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்குத்தான் என் ஓட்டு. 1976-இல் அதை உருவாக்கியதும் விட்டேக்கர் குடும்பம்தான். சுவருக்கு இந்தப்பக்கம் நின்றபடி, சதுப்புநில முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பதைப் பார்க்கலாம். கடிக்க வருகிறது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படிக் கிடக்கிறது என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். அப்புறம், நீண்டு ஒடுங்கிய மூக்குள்ள முதலை வகையான கரியாலில், வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் இருக்கும் பானை போன்ற புடைப்பைத் தேடச் சொல்லுங்கள்.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மண்பானையிலிருந்து எடுத்த கண்ணாடி விரியன், ஜாடியின் மேல் கட்டிய சவ்வைக் கடிக்க, உள்ளே விஷம் சொட்டும். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளே அதுதான். இருளர்களின் இந்தத் திறமையைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தூரமும் வெயிலும்தான் சிரமம். தொப்பியும் தண்ணீரும் கொடுத்துக் காலையிலேயே கூட்டிப் போங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.