பேரலிலிருந்து வந்த அரை லிட்டர்

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வந்திருந்தோம். கல்யாணத்தைப் பற்றியும் இலை நிறைந்த பலகாரங்களைப் பற்றியும் பிறகு எழுதிக்கொள்ளலாம். காருக்கு ஊற்றிய ஆயிலைப் பற்றி இப்போதே எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சியின் கார் எட்டு மாதமாக உறை போட்டு நின்றது. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். காரைக்குடி புறவழிச்சாலை வளைவில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுங்கி அணைந்தது. வளைவில் மட்டும் மினுங்கினால் பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை இழுக்கிறது. உடனே இன்ஜினை அணைத்துப் பார்த்தால், அளவுகோலின் கீழ்க்கோட்டை ஆயில் தொடவே இல்லை.

எதிரிலேயே ஒரு ஒர்க் ஷாப். நான் கையேட்டை எடுத்துவருவதற்குள் பையன் ஒருவன் பேரலிலிருந்து ஒரு ஜக்கில் பிடித்து, அரை லிட்டரை ஊற்றிவிட்டான். “என்ன கிரேடு?” என்று கேட்டேன். “எல்லா வண்டிக்கும் இதுதான் சார். வெயில் ஊர், கெட்டியாகத்தான் ஊற்ற வேண்டும்” என்றார் முதலாளி. பேரலின் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

கையேட்டில் 5டபிள்யூ-30 என்று அச்சிட்டிருக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து; அதற்கு முன்னால் வரும் எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் ஆயில் இளகி ஓடும். வின்னிபெக்கில் மைனஸ் 30 டிகிரியில் காலையில் வண்டியைக் கிளப்புகிறவனுக்கு அந்த முதல் எண் உயிர். காரைக்குடியில் அது 5 ஆனாலும் 20 ஆனாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வரும் 30, ஆயில் 100 டிகிரியில் சூடாக இருக்கும்போது அளந்தது. சூடேறி ஓடும் இன்ஜினுக்குள் வேண்டிய கெட்டி அதுதான். வெயிலுக்குத் தகுந்தபடி எந்த எண்ணைப் போடலாம் என்ற அட்டவணையும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதாதா?

கலப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக் ஆயிலையும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த மினரல் ஆயிலையும் கலந்தால் இன்ஜின் கெட்டுவிடும் என்ற பயம் வீண். ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம் பெற்ற கார் ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது சோதனையிலேயே உள்ள நிபந்தனை. அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலை அரை லிட்டர் ஊற்றலாம். கெட்டி இரண்டுக்கும் இடையில் வந்து நிற்கும், நல்ல ஆயிலின் ஆயுள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெயரே இல்லாத ஆயில் அப்படியா? டூ வீலர் ஆயிலாக இருக்கலாம், பழைய ஆயிலை வடிகட்டியதாகவும் இருக்கலாம். கனடாவில் ஆயில் மாற்றினால் கிரேடு பில்லிலேயே வரும். இங்கே கேட்டதற்கே முகம் சுளித்தார்கள்.

காசைக் கொடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஊருக்குள் அப்பச்சி வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் போனேன். பள்ளி விடுமுறையில் அப்பச்சியுடன் அம்பாசிடரில் வந்து, அந்த மர ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன். ஸ்டூல் அப்படியே இருக்கிறது. “அப்பச்சி நன்றாக இருக்கிறார்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அளவுகோலை உருவி, விரலில் தேய்த்து முகர்ந்தார். “இதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். இறக்கிவிடுவோம்.”

சூடு ஆறும் முன்பே, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் நட்டைக் கழற்றி முழுவதும் வடியவிட்டார். ஃபில்டரைப் புதிதாக மாற்றினார். மூடி உடையாத கேனை என் கையில் கொடுத்து, நானே படித்துப் பார்த்த பிறகுதான் திறந்தார். ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து அளவு பார்த்தார். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. பிறகு அவர் செய்ததுதான் என்னை அசைத்துவிட்டது. காலிக் கேனை எடுத்து ஸ்க்ரூ டிரைவரால் நான்கு இடங்களில் குத்தினார்.

“முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் போய்க் கண்டதையும் ஊற்றி விற்றுவிடுவார்கள், தம்பி.”

இவ்வளவு கருத்தாக ஒருவர் ஆயில் மாற்றி வின்னிபெக்கில் நான் பார்த்ததில்லை. ஓர் அட்டையில் கிரேடு, தேதி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி, பானெட்டுக்குள் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். நாங்கள் பிள்ளையார்பட்டி போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. மாலை நான்கு மணி வரை தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம்.