இங்க்ஸ்கேப்பில் ஒரு 304 கட்டு: சில வருடம் பாவித்த பிறகு

பகலில் கலியாணக் கார்ட், கடைப் பலகை, திருவிழா நோட்டீஸ் என்று மற்றவர்களுக்கு டிசைன் செய்கிறேன். இரவில் எனக்காக மட்டும் செய்யும் விளையாட்டு வேலைகளுக்குச் சில வருடமாகப் பாவிப்பது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். இலவசம் என்றுதான் இறக்கினேன், இப்போது காசு கேட்டாலும் விடமாட்டேன்.

அதில் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது மட்டக்களப்புப் படங்களோடு 304 என்ற சீட்டாட்டத்துக்கான ஒரு கட்டு, மொத்தம் 32 கார்ட். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு 3 புள்ளிதான், ஜாக்குக்கு 30. அதனால் ஜாக்கைத்தான் வடமோடிக் கூத்து அரசனாக, கரப்புடுப்பு என்ற கூத்து உடையும் முடியுமாக வரைந்தேன்; ராணி தயிர்ச்சட்டியோடு நிற்கிறாள், ராஜா கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறார். படக் கார்டில் அதே உருவம் தலைகீழாகவும் வரவேண்டும் அல்லவா, பாதியை மட்டும் வரைந்து ஆல்ட்டும் டியும் அழுத்தினால் ஒரு குளோன், அதாவது மூலத்தோடு சேர்ந்தே மாறும் நகல், வரும், அதை 180 பாகை திருப்பி வைத்தால் சரி. அப்புறம் மேல் முடியில் ஒரு மணியைப் பெரிதாக்கினால் கீழேயும் உடனே பெரிதாகும். பயமில்லாமல் நோண்டிப் பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

பின்பக்கத்துக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரிக் கரையைப் பார்த்து ஒரு சிறு துண்டு வரைந்து குளோன்களை வரிசையாக அடுக்கும் டைல்ட் குளோன்ஸில் விட்டேன். ஒரு வடிவத்தைத் தளம் முழுக்க அடுக்கக்கூடிய 17 சமச்சீர் முறைகளும் அதில் உண்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாலே விடிந்துவிடும்.

தமிழை யூனிகோட்டில் நேரே தட்டலாம், கொம்பும் காலும் இடம் மாறாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கைக்குப் பெரிய ஆறுதல். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிவிடுங்கள், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் குலையாது.

குறை என்றால் நிறம்தான். வேலை முழுக்க திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் நடப்பதால் திரையில் மின்னும் வாவி நீலம் தாளில் மங்கி ஊதாப் பக்கம் சாயும். நான் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டு அச்சு மைகளுக்கான சிஎம்வைகேக்கு மாற்றி, ஒரு தாள் அடித்துப் பார்த்த பிறகே கட்டைக் கொடுக்கிறேன். மங்கலாக்கும் ஃபில்டர்களை அதிகம் பூசினால் பழைய லேப்டாப் திணறும்.

இப்போது கட்டு மாமாமாரின் கையில். மூலை எழுத்து சின்னது, விளக்கு வெளிச்சத்தில் பிடிபடவில்லை என்கிறார்கள். 2022இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கலாம் என்பதால் எல்லாக் கார்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, மூலை எழுத்துகளும் குளோன்கள்தான். மூல எழுத்தின் நிறத்தை அன்செட் செய்து (நிறமே குறிப்பிடாமல்) வைத்திருப்பதால் குளோன்களில் சிவப்பும் கறுப்பும் தனித்தனியே நிற்கும், அளவை மட்டும் மூலத்தில் மாற்றினால் போதும். அடுத்த அச்சுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.